ஒன்றை நோக்கலும் மற்றதை மறவாமையும்

(வடிவங்களைக் காணும் கண்ணும் நயவாதமும் – ஒரு பாடம்)

பொருள் ஒன்றாயினும் அதன் தன்மைகள் பல என்பது நம் ஆகமங்கள் வலியுறுத்தும் உண்மையாகும். அவ்வுண்மையைப் பெரிய தத்துவ நூல்களில் மட்டுமன்றிக் கையளவு காகிதத் துண்டு ஒன்றிலும் காணலாம். சிவந்த காகிதத்தில் வெட்டிய முக்கோணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு நிறம் உண்டு, வடிவம் உண்டு, அளவு உண்டு, நிமிர்ந்தோ சாய்ந்தோ கிடக்கும் நிலை உண்டு. இந்நான்கும் ஒரே காலத்தில் ஒரே பொருளில் உறைகின்றன. எனினும், ‘இதன் நிறம் யாது?’ என ஒருவர் வினவினால், வடிவத்தையும் அளவையும் ஒதுக்கிவிட்டுச் ‘சிவப்பு’ என்று விடை கூறுகிறோம். ‘இஃது என்ன வடிவம்?’ என வினவினால், நிறத்தை ஒதுக்கி ‘முக்கோணம்’ என்கிறோம்.

எளிய செயலாகத் தோன்றும் இவ்வாற்றல் பிறக்கும்போதே முழுமையாக அமைந்ததன்று. சில தன்மைகளைப் பிரித்து நோக்குதல் எளிது. சிலவற்றைப் பிரித்தல் வளர்ந்தோர்க்கும் அரிது. இவ்வாற்றல் எங்கே எளிதாகிறது, எங்கே தடைப்படுகிறது, குழந்தைகளிடத்தில் எவ்வாறு முதிர்கிறது என்பனவற்றை உளநூலார் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். நயம் என நம் ஆசாரியர்கள் வகுத்த அறிவுமுறையைக் கற்போர்க்கும், பிள்ளைகளுக்கு அறம் கற்பிக்கும் பெற்றோர்க்கும் அவ்வாராய்ச்சி நல்ல துணையாகும். ஆதலின் இரண்டினையும் அருகருகே வைத்து நோக்குவது இப்பாடத்தின் நோக்கம்.

1. பொருளும் அதன் கூறுகளும்

கண்ணாற் காணப்படுவன யாவும் புத்கலம் என்னும் திரவியத்தைச் சார்ந்தவை. ஊறு, சுவை, நாற்றம், நிறம் என்னும் நான்கும் புத்கலத்தின் குணங்கள் என்று உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் கூறுகிறார். இவற்றுள் ஊறு எட்டு வகை, சுவை ஐந்து வகை, நாற்றம் இரண்டு வகை, நிறம் ஐந்து வகை. ஆக இருபது என உரையாசிரியர்கள் விரிப்பர். அடுத்த சூத்திரத்தில் ஒலி, பிணைப்பு, நுண்மை, பருமை, சம்ஸ்தானம் எனப்படும் வடிவம், பிளவு, இருள், நிழல், வெயில், ஒளி ஆகியவற்றைப் புத்கலத்தின் பரியாயங்களாக வைக்கிறார்.

இங்கு ஒரு நுட்பம் காண்க. நிறம் குணமாகவும், வடிவமும் பருமையும் பரியாயமாகவும் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. பொன்னை உருக்கி வளையலை மோதிரமாக்கினால் வடிவம் மாறுகிறது. மஞ்சள் நிறம் தொடர்கிறது. ஒரே பொருளில் ஒருங்கே இருப்பினும் இத்தன்மைகள் வெவ்வேறானவை என்பதை இப்பாகுபாடு நமக்கு உணர்த்துகிறது. இக்கட்டுரையில் நிறம், வடிவம், அளவு, சாய்வு முதலிய இத்தன்மைகளை எளிமை கருதிக் ‘கூறுகள்’ என்றே வழங்குவோம்.

2. பிரியும் கூறுகளும் பிணைந்த கூறுகளும்

அமெரிக்க உளநூலறிஞர் வெண்டல் கார்னர் என்பவர் கூறுகளைப் பிரித்து நோக்கும் ஆற்றலை அளப்பதற்கு எளிய முறையொன்றைக் கையாண்டார். சீட்டுக் கட்டு ஒன்றைக் கொடுத்து, அதனை இரண்டு குவியலாக விரைந்து பிரிக்குமாறு கூறுவர். முதற்கட்டில் ஒரு கூறு மட்டுமே சீட்டுக்குச் சீட்டு மாறும், மற்றவை மாறா. இரண்டாம் கட்டில், பிரிப்பதற்குரிய கூற்றோடு, தேவையற்ற வேறொரு கூறும் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு கட்டுகளையும் பிரிக்க ஒரே அளவு நேரம் ஆயின், தேவையற்ற கூற்றை மனம் எளிதில் ஒதுக்கியது என்பது பொருள். இரண்டாம் கட்டிற்கு மிகுதியான நேரம் ஆயின், ஒதுக்க முயன்றும் இயலவில்லை என்பது பொருள்.

1970ஆம் ஆண்டில் கார்னரும் ஃபெல்ஃபோல்டி என்பவரும் வெளியிட்ட ஆய்வில் இவ்வேறுபாடு தெளிவாயிற்று. ஒரு வட்டத்தின் அளவும், அதன் ஊடே இழுத்த விட்டக் கோட்டின் சாய்வும் எளிதிற் பிரிந்தன. வட்டம் பெரிதாயினும் சிறிதாயினும் கோட்டின் சாய்வைக் காண்பதற்கு அது தடையாகவில்லை. ஆனால், ஒரே நிறத் துண்டின் வெளிர்மையும் செறிவும் அவ்வாறு பிரியவில்லை. வெளிர்மையை மட்டும் கொண்டு பிரிக்க முயன்றோரைச் செறிவின் மாறுதல் தாமதப்படுத்தியது. அவ்விரண்டு தன்மைகளையும் ஒரே துண்டில் வையாமல் அருகருகே இரண்டு தனித் துண்டுகளில் வைத்தபோது அத்தடை நீங்கிற்று. முன்னவை பிரியும் கூறுகள் எனவும், பின்னவை பிணைந்த கூறுகள் எனவும் கொள்ளலாம். கார்னர் இக்கருத்தை 1974ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் விரிவாக நிறுவினார்.

வடிவங்களுள் பிணைந்த கூறுகளுக்கு நல்ல எடுத்துக்காட்டு செவ்வகமாகும். செவ்வகத்திற்கு உயரம் ஒன்று, அகலம் ஒன்று எனக் கணக்கு நூலில் படிக்கிறோம். ஆனால் கண் அவ்வாறு இரண்டாகக் காண்பதில்லை. ‘ஒடுங்கியது’, ‘விரிந்தது’, ‘பெரியது’, ‘சிறியது’ என்றே அது காண்கிறது. அதாவது, இரண்டிற்கும் உள்ள விகிதத்தையும் இரண்டும் சேர்ந்த பரப்பையும் காண்கிறது. ஒரே உயரமுள்ள இரண்டு காகிதங்களுள் ஒன்றை ஒடுக்கமாகவும் மற்றொன்றை அகலமாகவும் வெட்டி, தனித்தனியே சுவரில் ஒட்டி வைத்து நோக்குக. ஒடுங்கியதே உயரமானது போலத் தோன்றும். அளவுகோல் கொண்டு அளந்த பின்னரே ஐயம் நீங்கும்.

ஆகவே ஒரு கூற்றைத் தனித்து நோக்க வேண்டும் என்னும் எண்ணம் மட்டும் போதாது. அக்கூறு பிற கூறுகளோடு எவ்வாறு பிணைந்துள்ளது என்பதையும் அறிதல் வேண்டும். பிணைப்பு மிகுந்த இடத்தில் அளவுகோல் போன்ற கருவியோ, நீண்ட பயிற்சியோ துணை நிற்றல் வேண்டும்.

3. குழந்தையின் கண்

இனிக் குழந்தைகள் பொருள்களைக் காணும் முறையை நோக்குவோம். 1977ஆம் ஆண்டில் லிண்டா ஸ்மித், டெபோரா கெம்லர் என்னும் இரு பெண்மணிகள் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். மூன்று சதுரங்களை வைத்து, ‘இவற்றுள் எவ்விரண்டு ஒன்றுசேரும்?’ எனக் குழந்தைகளை வினவினர். முதற்சதுரமும் இரண்டாம் சதுரமும் அளவிலும் வெளிர்மையிலும் ஏறத்தாழ ஒத்திருக்கும். ஆனால் எதிலும் முற்ற ஒத்திரா. முதற்சதுரமும் மூன்றாம் சதுரமும் ஒரு கூற்றில் முற்ற ஒத்திருக்கும். மற்றொரு கூற்றில் பெரிதும் வேறுபடும். பள்ளியில் புதிதாகச் சேர்ந்த சிறுவர்கள் பெரும்பாலும் முதலிரண்டையும் சேர்த்தனர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோ, ஒரு கூற்றில் முற்ற ஒத்த முதலையும் மூன்றையும் சேர்த்தனர். சிறு குழந்தை பொருளை முழுமையாகக் கண்டு, ‘இது அதனைப் போன்றது’ என்று முடிவு செய்கிறது; வளர வளரக் கூறுகளைப் பிரித்து நோக்கக் கற்கிறது.

இதற்கு நேர்மாறான நிலையும் குழந்தைகளிடம் உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே செய்து காட்டிய நீர்ச் சோதனை பலரும் அறிந்ததே. ஒரே வகையான இரண்டு குவளைகளில் ஒரே அளவு நீரை ஊற்றிக் காட்டுவர். பின்னர் ஒரு குவளை நீரை உயரமான, ஒடுங்கிய பாத்திரத்திற்கு மாற்றுவர். ‘எதில் நீர் மிகுதி?’ என வினவினால், ஏறத்தாழ ஏழு வயதிற்கு உட்பட்ட குழந்தைகள் பலர் உயரமான பாத்திரத்தையே காட்டுவர். உயரம் கூடியதைக் கண்ட கண், அகலம் குறைந்ததைக் கணக்கிற் கொள்ளவில்லை. ஒரு கூறு முழு மனத்தையும் பற்றிக்கொண்டது.

மூன்றாவது ஆய்வு பெற்றோர் அனைவரும் அறிய வேண்டியது. ஃபிலிப் ஸெலாஸோவும் அவருடைய குழுவினரும் 1996ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. குழந்தைகளிடம் வண்ணப் படச் சீட்டுகளைக் கொடுத்து, முதலில் ஒரு கூற்றைக் கொண்டு, சான்றாக நிறத்தைக் கொண்டு, பிரிக்கச் சொல்வர். மூன்று வயதுக் குழந்தைகள் அதனை நன்கு செய்தனர். பின்னர், ‘இனி நிறம் வேண்டா, வடிவத்தைக் கொண்டு பிரி’ என்று விதியை மாற்றினர். பெரும்பாலான மூன்று வயதுக் குழந்தைகள் பழைய விதியின்படியே பிரித்தனர். வியப்பு யாதெனில், ‘இப்போது இந்தப் படம் எங்கே போக வேண்டும்?’ என்று புதிய விதியை வாயால் வினவினால் அவர்கள் சரியான இடத்தையே காட்டினர். விதி தெரிந்தது, கை மட்டும் பழைய வழியிலேயே சென்றது.

‘தெரிந்துகொண்டே செய்கிறான், பிடிவாதக்காரன்’ என்று இத்தகைய குழந்தையைக் கடிந்துகொள்ளும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. அது பொருந்தாது. அறிதல் வேறு, அறிந்தவாறு நோக்கை மாற்றுதல் வேறு. பின்னது பொதுவாக நான்கு, ஐந்து வயதளவில் கைகூடுகிறது. அதற்கு முன்னரும் உதவ வழியுண்டு. நிறமும் வடிவமும் ஒரே படத்தில் கலந்திராமல், நிறமற்ற கோட்டுப் படம் ஒருபுறமும் வண்ணப் பொட்டு ஒருபுறமுமாக ஒரே சீட்டில் பிரித்து வைத்தபோது மூன்று வயதுக் குழந்தைகளும் முன்னினும் நன்றாகச் செய்தனர் என்பதை டானியேலா க்ளோ, யோசஃப் பெர்னர் என்போர் 2005ஆம் ஆண்டில் காட்டினர். பிணைந்ததைப் பிரித்துக் காட்டினால் குழந்தை கற்கும் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வாய்வுகளைத் தொகுத்து நோக்கின் பிழைகள் இரு வகையாகும். கூறுகளைப் பிரிக்க இயலாமல் முழுப்பொருளின் சாயலிலேயே மயங்குதல் ஒன்று. ஒரு கூற்றைப் பிரித்துப் பற்றிக்கொண்டு, பிற கூறுகளுக்குத் திரும்ப இயலாமை மற்றொன்று. அறிவின் முதிர்ச்சி என்பது இரண்டினின்றும் நீங்குதலேயாகும்.

4. நயமும் துர்நயமும்

பிரமாணம், நயம் என்னும் இரண்டினால் தத்துவங்கள் அறியப்படும் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயம் கூறும் நெறி. பொருளை முழுமையாக அறிவது பிரமாணம். அம்முழுமையினின்று ஒரு தன்மையை எடுத்து, ஒரு நோக்கம் கருதி அறிவது நயம். திரவியத்தை முதன்மையாக்குவது திரவியார்த்திக நயம். மாறும் நிலையை முதன்மையாக்குவது பரியாயார்த்திக நயம். நைகமம், சங்கிரகம், வியவகாரம், ருஜுசூத்திரம், சப்தம், சமபிரூடம், ஏவம்பூதம் என ஏழாக விரிவனவும் இவற்றுள் அடங்கும்.

நயம் ஒன்றை எடுக்கிறது என்றால் மற்றவற்றை மறுக்கிறது என்பது பொருளன்று. ஐந்தாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர் அர்ப்பிதம், அநர்ப்பிதம் என்னும் இரண்டு சொற்களை ஆள்கிறார். கூறக் கருதி முன்னே வைத்தது அர்ப்பிதம். அப்போது கருதாமல் பின்னே நிறுத்தியது அநர்ப்பிதம். ஒரு பொருளிலேயே நிலைத்தலும் மாறுதலும் முரணின்றி அமைவது இவ்வாறே என்கிறார். பின்னே நிற்பது இல்லாததாகிவிடவில்லை. முறை வரும்போது அது முன்னே வரும், முன்னது பின்னே செல்லும்.

அமிர்தசந்திர சூரிகள் தம் புருஷார்த்த சித்தியுபாயம் என்னும் நூலின் இறுதிப் பகுதியில் இதற்குத் தயிர் கடையும் ஆய்ச்சியை உவமையாக்குகிறார். மத்தில் சுற்றிய கயிற்றின் ஒரு முனையை அவள் இழுக்கும்போது மறுமுனையைத் தளர்த்துகிறாள். இரு முனைகளையும் ஒருங்கே இழுத்தால் மத்துச் சுழலாது. தளர்த்த வேண்டிய முனையைக் கைவிட்டுவிட்டாலோ கயிறே கழன்றுபோம். ஒன்றை இழுத்து ஒன்றைத் தளர்த்தி, இரண்டையும் கையில் வைத்திருப்பவளுக்கே வெண்ணெய் திரளும். முற்கூறிய இரு பிழைகளையும் இவ்வுவமையோடு பொருத்திப் பார்க்கலாம். கூறுகளைப் பிரிக்க இயலாத குழந்தை இரு முனைகளையும் ஒருங்கே இழுக்கிறது. நீரின் உயரத்தை மட்டும் கண்ட குழந்தை மறுமுனையைக் கைவிட்டுவிடுகிறது.

பிற நயங்களை அவாவி நிற்கும் நயமே பயன் தரும். அவற்றை மறுத்துத் தனித்து நிற்கும் நயம் பொய்யாகும் என்பது சமந்தபத்திர ஆசாரியரின் ஆப்தமீமாம்சை காட்டும் முடிவு. அவ்வாறு மறுத்து நிற்பதனைத் துர்நயம் என்பர். ஏகாந்தம் என்பதும் அதுவே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘அயல்நாட்டார் இன்று கண்டதை நம் ஆசாரியர்கள் அன்றே கூறிவிட்டனர்’ என்று பெருமை பேசுதல் முறையன்று. உளநூலார் அளப்பது, ஒரு சீட்டைப் பிரிக்கக் கண்ணும் மனமும் எடுத்துக்கொள்ளும் நொடிப்பொழுதின் கூறு. நம் ஆசாரியர்கள் ஆராய்வது, மெய்ப்பொருளை அறிந்து வீடு அடைவதற்குரிய நன்ஞானம். அளவும் நோக்கமும் வேறு. ‘ஆய்வு ஆகமத்தை மெய்ப்பித்தது’ என்று கூறுவதும் ஒரு கூற்றை முழுப்பொருளாகக் கொள்ளும் பிழையேயாகும். ஒன்று மற்றொன்றை விளக்குதற்கு உதவும் என்ற அளவில் நிற்பதே நயத்திற்கு ஏற்ற பணிவு.

5. திருவுருவங்களைக் காணுதல்

நம் பிள்ளைகள் இவ்வாற்றலைப் பயிலுதற்கு ஜினாலயத்தைக் காட்டிலும் சிறந்த இடமில்லை. தீர்த்தங்கரர் திருவுருவங்கள் யாவும் ஒரே சாயலுடையன. நின்றால் காயோத்சர்க்கம், அமர்ந்தால் தியான நிலை. ஆடை அணிகளால் வேறுபாடு இல்லை. முகக்குறியால் வேறுபாடு இல்லை. முழுச்சாயலை மட்டும் காணும் சிறு குழந்தைக்கு அனைவரும் ஒருவரே. திரவிய நோக்கில் அதுவும் ஓர் உண்மையே; அருகர் அனைவரும் அனந்த சதுஷ்டயத்தால் ஒத்தவர். ஆயினும் ‘இவர் விருஷபர், இவர் வர்த்தமானர்’ என்று அறிவதற்குப் பீடத்தின்மீது கண்ணைச் செலுத்தி, எருது, சிங்கம் முதலிய இலாஞ்சனத்தைத் தேர்ந்து காணல் வேண்டும்.

அளவு என்னும் கூற்றையும் இங்கே ஒதுக்கக் கற்கிறோம். சிரவணபெளகொளாவில் ஏறத்தாழ 57 அடி உயரத்தில் நிற்கும் கோமடேசுவரரும், இல்லத்துப் பூசையறையில் விரலளவு செப்புத் திருமேனியாக நிற்கும் பாகுபலியும் ஒருவரே. திருமலையில் 16 அடி உயரத்தில் நிற்கும் நேமிநாதரை வணங்கி வந்த குழந்தை, உள்ளங்கையில் அடங்கும் நேமிநாதரையும் அடையாளம் காணுமாயின், அளவை ஒதுக்கி வடிவை நோக்கக் கற்றுவிட்டது என்க.

இனிக் கழுகுமலை போன்ற பழைய மலைத்தலங்களுக்குச் செல்வோம். அங்குப் பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்களுட் பலருக்கு இலாஞ்சனம் காணப்படுவதில்லை. பார்சுவநாதரும் பாகுபலியும் நின்ற திருக்கோலத்தர்; தொலைவிலிருந்து காண்போர்க்கு இருவரும் ஒரே உருவமாகத் தோன்றுவர். தலைக்குமேல் நாகம் படம் விரித்திருப்பின் பார்சுவர்; கால்களிலும் கைகளிலும் கொடி படர்ந்திருப்பின் பாகுபலி. உருவத்தின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் தனித்து நோக்கினால் ஐயம் நீங்கும்.

சுபார்சுவருக்கும் பார்சுவருக்கும் இருவர்க்குமே நாகக்குடை உண்டு. பொதுவாகச் சுபார்சுவருக்கு ஐந்து படம், பார்சுவருக்கு ஏழு படம் எனப் படத்தின் எண்ணிக்கையைக் கொண்டு அறிவர். எனினும் எண்ணிக்கை ஒன்றையே பற்றிக்கொள்ளலாகாது. பழைய குடைவரைச் சிற்பங்களில் ஐந்து படத்துடனும் பார்சுவர் காணப்படுகிறார். அங்கே தரணேந்திரன், பத்மாவதி, இடையூறு செய்யும் கமடன் ஆகியோர் உளரா என்றும் நோக்குதல் வேண்டும். ஒரு கூறு வழிகாட்டும். பல கூறுகள் சேர்ந்தே முடிவு தரும்.

மதிஞானத்தின் நான்கு படிகளும் இங்கே விளங்கும். குகையின் மங்கிய ஒளியில், ‘ஓர் உருவம்’ எனப் பற்றுவது அவக்கிரகம். ‘இவர் பார்சுவரோ, சுபார்சுவரோ? இன்ன குறி உளதா?’ என ஆராய முற்படுவது ஈஹை. குறிகளைக் கண்டு ‘பார்சுவரே’ எனத் துணிவது அவாயம். துணிந்ததை மறவாது உள்ளத்தில் இருத்துவது தாரணை. பிள்ளைகள் பலரை நாம் முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்கு இழுத்துச் செல்கிறோம். ‘இவர் பார்சுவர், கும்பிடு’ என்று நாமே துணிவைக் கூறிவிடுகிறோம். ஈஹை என்னும் ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்தால்தான் தாரணை உறுதிப்படும்.

6. இல்லத்தில் செய்து பார்க்க ஒரு பயிற்சி

தடித்த காகிதத்தில் இருபத்து நான்கு சீட்டுகள் வெட்டிக்கொள்க. ஒவ்வொன்றிலும் ஒரு தீர்த்தங்கரரின் பெயரை எழுதுக. இடப்புறம் அவருடைய திருமேனி வண்ணத்தில் ஒரு வட்டமும், வலப்புறம் நிறம் தீட்டாமல் கோடுகளால் மட்டும் அவருடைய இலாஞ்சனமும் வரைக. நிறத்தையும் வடிவத்தையும் இவ்வாறு பிரித்து வைப்பதன் பயனை மேலே கண்டோம்.

முதலில் நிறத்தைக் கொண்டு பிரிக்கச் சொல்லுக. திகம்பர மரபின்படி பத்மபிரபரும் வாசுபூஜ்யரும் செந்நிறத்தர். சந்திரபிரபரும் புஷ்பதந்தரும் வெண்ணிறத்தர். சுபார்சுவரும் பார்சுவரும் பசுமை நிறத்தர். முனிசுவிரதரும் நேமிநாதரும் கருநீல நிறத்தர். ஏனைய பதினாறு பேரும் பொன்னிறத்தர். எனவே 16, 2, 2, 2, 2 என ஐந்து குவியல்கள் அமையும்.

பின்னர் சீட்டுகளைக் கலைத்து, இலாஞ்சனத்தைக் கொண்டு பிரிக்கச் சொல்லுக. யானை, குதிரை, மான் போன்றவை ஒரு குவியல். ஆமை, முதலை போன்ற நீர்வாழ்வன ஒரு குவியல். பிறை, கும்பம், வச்சிரம் போன்ற உயிரற்றன ஒரு குவியல். தாமரையும் சங்கும் எங்கே சேரும் எனக் குழந்தை தயங்கும். தாமரை ஓரறிவுயிர் என்றும், சங்கு ஈரறிவுயிரின் உடல் என்றும் அப்போது எடுத்துக் கூறுக. வடிவம் மட்டும் உயிரின் தரத்தைக் காட்டிவிடாது என்பதனைக் குழந்தை தானே உணரும்.

மூன்றாவதாக, முத்தி அடைந்த தலத்தைக் கொண்டு பிரிக்கச் சொல்லுக. விருஷபர் கைலாயம், வாசுபூஜ்யர் சம்பாபுரி, நேமிநாதர் ஊர்ஜயந்தகிரி, வர்த்தமானர் பாவாபுரி. மற்ற இருபதின்மர் சம்மேத சிகரம். இப்போது 20, 1, 1, 1, 1 என வேறு ஐந்து குவியல்கள் அமையும். இக்கூற்றைச் சீட்டில் எங்கும் காண இயலாது. மனத்தினின்றே எடுத்தல் வேண்டும். பொருளின் தன்மைகள் யாவும் கண்ணுக்குப் புலனாவன அல்ல என்பதே இம்மூன்றாம் சுற்றின் பாடம்.

ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ‘இப்போது எதனைப் பார்க்கிறோம்?’ என்று வினவி, குழந்தையே விடை கூறுமாறு செய்க. ஐந்து வயதிற்கு உட்பட்ட குழந்தைக்கு ஆறு அல்லது எட்டுச் சீட்டுகளும் முதலிரண்டு சுற்றுகளும் போதும். விதி மாறியும் பழைய குவியலிலேயே வைத்தால் கடிந்துகொள்ளற்க. சீட்டைத் திரும்பக் கையில் கொடுத்து, பார்க்க வேண்டிய பகுதியை விரலாற் சுட்டிக் காட்டுக. சுற்று முடிந்ததும் ஒரு சீட்டை எடுத்து, அதன் நிறம், இலாஞ்சனம், தலம் மூன்றையும் ஒருங்கே கூறச் செய்க. நயத்தினின்று பிரமாணத்திற்குத் திரும்பும் பழக்கம் இதனால் உண்டாகும்.

7. மக்களை நோக்கும்போது

இதுகாறும் கூறியவை காகிதத்திற்கும் கல்லிற்கும் மட்டும் உரியன அல்ல. 1980ஆம் ஆண்டில் ஆன் டிரெய்ஸ்மன், கேரி ஜெலேட் என்னும் அறிஞர்கள், கண்ணுக்கு உடனே எட்டும் கூறுகள் எவை என ஆராய்ந்தனர். பல வடிவங்களின் நடுவே நிறத்தால் மட்டும் வேறுபட்ட ஒன்றைக் கண் நொடியில் கண்டுவிடும். சுற்றியுள்ளவை எத்தனை என்பது பொருட்டன்று. ஆனால் நிறமும் வடிவமும் இணைந்த ஒன்றைத் தேடும்போது ஒவ்வொன்றாக நோக்க வேண்டியிருத்தலின் காலம் நீளும். எளிதில் கண்ணில் படுவது ஒன்று. பொறுமையோடு தேடிக் காண வேண்டியது மற்றொன்று.

மணமகள் பார்க்கச் செல்லும் நம் குடும்பங்களில் முதலிற் கேட்கப்படும் வினாக்கள் யாவை? ‘நிறம் எப்படி? உயரம் எப்படி?’ என்பனவே. பெண்ணின் கல்வியும் பண்பும் பொறுமையும் விரதங்களில் உள்ள பற்றும் பின்னர்க் கேட்கப்படுகின்றன. சில வேளை கேட்கப்படுவதேயில்லை. நிறம் கண்ணில் முதலிற் படுவதனால் அதுவே முதன்மையானது என மனம் மயங்குகிறது. முதலில் தெரிவது வேறு, முதன்மையானது வேறு. நீரின் உயரத்தை மட்டும் கண்டு ‘இதுவே மிகுதி’ என்ற குழந்தையைக் கண்டு நகைக்கிறோம். அதே பிழையைப் பெரியோராகிய நாம் ஒரு பெண்ணின் வாழ்விலும் மனத்திலும் காயம் உண்டாகும் வண்ணம் செய்கிறோம்.

உடலின் நிறமும் வடிவமும் நாமகருமத்தின் விளைவு என்பது நம் கரும நூல்களின் துணிபு. நிறத்திற்கு ஐவகை வர்ண நாமகருமங்களும், உடலமைப்பிற்குச் சமசதுரச்ரம் முதல் ஹுண்டகம் ஈறாக ஆறுவகைச் சம்ஸ்தான நாமகருமங்களும் கூறப்படுகின்றன. இவை உடலுக்கு உரியன. அறிவும் காட்சியும் உயிருக்கு உரியன. வியவகாரத்தில் உடலை நோக்க வேண்டிய இடமும் உண்டு. அதனை மறுப்பார் இல்லை. ஆயின் ஒரு முனையை இழுக்கும்போது மறுமுனை கையில் இருத்தல் வேண்டும். உடலை நோக்கும் கண், உயிரின் குணத்தை மறந்துவிடின், அது துர்நயமாகும்.

குறை கூறும்போதும் இவ்வாறே. ஒருவர் ஒருநாள் சொன்ன கடுஞ்சொல்லைப் பற்றிக்கொண்டு, அவருடைய பல்லாண்டு நட்பையும் உதவியையும் காணாதிருத்தல் நம் இல்லங்களிலும் சங்கங்களிலும் நிகழ்வதே. சொல்லின் கடுமை மெய். அதனை மறுக்க வேண்டுவதில்லை. அது முழு மனிதர் அல்லர் என்று உணர்ந்தால், பொறுத்தல் எளிதாகும். ஆண்டுதோறும் நாம் வேண்டும் உத்தம க்ஷமைக்கு இந்நோக்கே அடித்தளம்.

முடிவுரை

ஒரு கூற்றைத் தனித்து நோக்குதல் அறிவிற்கு இன்றியமையாதது. அஃது இன்றேல் எண்ணலும் இல்லை, எழுத்தும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. அவ்வாறு நோக்கியபின் முழுப்பொருளுக்குத் திரும்புதல் அதனினும் இன்றியமையாதது. முன்னது கண்ணிற்கும் மனத்திற்கும் உரிய பயிற்சி. பின்னது அதனோடு நேர்மையும் அருளும் வேண்டுவது. பிள்ளைகளுக்கு இரண்டையும் சிறுவயதிலேயே பழக்குதல் சிராவக சிராவகியரின் கடமையாகும்.

பயிற்சி வினாக்கள்

1. பிரியும் கூறுகளுக்கும் பிணைந்த கூறுகளுக்கும் வேறுபாடு யாது? ஒவ்வொன்றிற்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

2. அர்ப்பிதம், அநர்ப்பிதம் என்பவற்றை ஆய்ச்சி கடையும் கயிற்றோடு பொருத்தி விளக்குக.

3. உங்கள் ஊர் ஜினாலயத்தில் உள்ள திருவுருவங்களுள் இரண்டினை எடுத்து, அவை எக்கூறுகளில் ஒத்துள்ளன, எக்கூறுகளில் வேறுபடுகின்றன என எழுதுக.

4. நீங்கள் நன்கறிந்த ஒருவரைப் பற்றி நீங்கள் கொண்டுள்ள கருத்து, அவருடைய எந்த ஒரு தன்மையைச் சார்ந்துள்ளது? அதுவரை பின்னே நிறுத்தியிருந்த தன்மைகள் மூன்றினை எண்ணிப் பார்க்க.

ஜைனம் ஜயது சாஸனம்.